ராணுவ டிஸபிலிட்டி பென்ஷன்: போர்டு தாளிலிருந்து தீர்ப்பாயம் வரை

ராணுவத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு வந்தபின் அக்கம்பக்கத்து முன்னாள் படைவீரர்களுக்கு டிஸபிலிட்டி பென்ஷன், அதாவது சேவையோடு சம்பந்தப்பட்ட நோய்க்கோ காயத்துக்கோ தரும் பென்ஷன், கேட்டு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நாலைந்து இடங்களுக்கு மனு போட்டிருப்பார்கள். கலெக்டர், எம்.பி., அமைச்சர் என்று எல்லோருக்கும் போயிருக்கும். ஆனால் தன்னைப் பரிசோதித்த ராணுவ மருத்துவர் குழுவின், அதாவது மெடிக்கல் போர்டின், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அந்தத் தாளைப் பார்க்காமல் எழுதிய மனு எங்கே போனாலும் கடைசியில் சேவை ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கே திரும்பி வரும், பழைய பதிலோடு.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை முக்கியம். ஜவான் முதல் ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) வரை தரைப்படையில் இருந்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கடற்படை, விமானப்படைக்கும் போகும் பாதை ஏறக்குறைய இதுதான்; அலுவலகங்கள்தான் வேறு.

1. நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள், எப்போது வந்தீர்கள்?

இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்பதே இதை வைத்துத்தான்.

சேவைக்காலம் முடியும் முன்பே உடல்நிலை காரணமாக வெளியே அனுப்பப்பட்டவர் 'இன்வாலிட் அவுட்' ஆனவர். இவருக்கு நடந்தது இன்வாலிடிங் மெடிக்கல் போர்டு. காரணம் சேவையோடு சம்பந்தப்பட்டது என்று ஏற்றுக்கொண்டால் சேவைக்கான பங்கு (சர்வீஸ் எலிமெண்ட்), குறைபாட்டுக்கான பங்கு (டிஸபிலிட்டி எலிமெண்ட்) இரண்டும் கிடைக்கும். பதினைந்து வருடம் முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. ஐந்து வருட சேவையிலேயே வெளியே வந்த பையன்கள், 'எனக்குத்தான் பென்ஷன் சர்வீஸ் இல்லையே' என்று கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள்.

சேவைக்காலத்தை முழுதாக முடித்து, ஆனால் லோ மெடிக்கல் கேட்டகிரியில், அதாவது முழு உடல்தகுதி இல்லை என்ற நிலையில், வெளியே வந்தவருக்கு நடந்தது ரிலீஸ் மெடிக்கல் போர்டு. சர்வீஸ் பென்ஷன் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும். டிஸபிலிட்டி எலிமெண்ட் அதன்மேல் சேரும். இதற்குக் குறைபாடு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும்.

அடுத்தது தேதி. 21.09.2023 முதல் புதிய தகுதி விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. அந்தத் தேதிக்கு முன் வெளியே வந்தவர்களுக்கு 1982 அல்லது 2008-ஆம் ஆண்டு தகுதி விதிகள். இந்த வழிகாட்டியில் சதவீதம் பற்றியும் தீர்ப்புகள் பற்றியும் சொல்வதெல்லாம் பழைய விதிகளில் வருபவர்களுக்கு. புதிய விதிகளில் வருபவர் தாள் சேர்ப்பது, மேல்முறையீடு ஆகிய பகுதிகளை எடுத்துக்கொள்ளலாம். தகுதியை மட்டும் அந்த விதிகளில் பார்க்க வேண்டும். அக்னிவீரர்களுக்கு மாதப் பென்ஷன் கிடையாது. அவர்களுக்கு 50, 75, 100 சதவீதக் குறைபாட்டுக்கு 15, 25, 44 லட்சம் ரூபாய் என ஒரே தடவை கொடுக்கும் கருணைத்தொகை வேறு கணக்கு.

போரிலோ, எதிரியின் தாக்குதலிலோ, தீவிரவாத எதிர்ப்பு நடவடிக்கையிலோ காயம்பட்டவரானால் நீங்கள் கேட்க வேண்டியது டிஸபிலிட்டி பென்ஷன் அல்ல, வார் இஞ்சுரி பென்ஷன். தொகை இரட்டிப்பு அல்லது அதற்கும் மேல். இதைக் கவனிக்காமல் சாதாரண டிஸபிலிட்டி எலிமெண்ட் வாங்கிக்கொண்டு இருப்பவர்களும் உண்டு.

2. மனு எழுதும் முன் சேர்க்க வேண்டிய தாள்கள்

டிஸ்சார்ஜ் புக், பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு), நிராகரித்த கடிதம் ஆகிய மூன்றும் உங்கள் பெட்டியில் இருக்கும். இவை போதாது. வழக்கை நிர்ணயிக்கும் தாள்கள் உங்களிடம் இல்லாதவை.

முதலாவது, மெடிக்கல் போர்டு புரொசீடிங்ஸ். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவத்தில் இருக்கும். எல்லாப் பக்கமும் வேண்டும். கடைசிப் பக்கத்தை மட்டும் வாங்கி வருகிறார்கள்; அதில் சதவீதம் இருக்கும், காரணம் இருக்காது.

இரண்டாவது, முதன்முதலில் லோ மெடிக்கல் கேட்டகிரி போட்டபோது நடந்த போர்டின் தாள். நோய் எந்த ஊரில், எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்கு இதுதான் ஆதாரம்.

மூன்றாவது, காயம் என்றால் இஞ்சுரி ரிப்போர்ட். ஐ.ஏ.எஃப்.ஒய்-2006 என்ற படிவம். கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவத்தின் உள்விசாரணை) நடந்திருந்தால் அதன் முடிவும், கமாண்டிங் ஆபீசர் எழுதிய கருத்தும் வேண்டும்.

நான்காவது, ராணுவ மருத்துவமனைகளில் அட்மிட் ஆனபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரிகள். இவை பலரிடம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும். தேடிப் பாருங்கள். லடாக்கின் லே மருத்துவமனையில் கொடுத்த ஒரு பழைய சீட்டு, 'நோய் பீஸ் ஸ்டேஷனில்தான் (எல்லையோ போர்ப் பகுதியோ அல்லாத ஊரில்தான்) தொடங்கியது' என்ற போர்டின் கருத்தையே மாற்றியதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றை எங்கே கேட்பது? உங்கள் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீசில். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப்படை என்றால் நாசிக் ரோடு, ஈ.எம்.இ. என்றால் செகந்திராபாத். முதலில் ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், டிஸ்சார்ஜ் தேதி எழுதி சாதாரணக் கடிதம் போடுங்கள். ஒரு மாதத்தில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் போதும். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். உங்கள் சொந்த மருத்துவத் தாளைத்தான் கேட்கிறீர்கள் என்பதால் தனிநபர் ரகசியம் என்று மறுக்க இடமில்லை.

ஆர்.டி.ஐ. மனுவில் 'ஏன் எனக்குப் பென்ஷன் தரவில்லை' என்று கேள்வி கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். தாளின் பெயரைச் சொல்லி, நகல் மட்டும் கேளுங்கள்.

தள்ளிப்போடவும் வேண்டாம். பழைய சேவை ஆவணங்களைக் குறிப்பிட்ட காலம் கழித்து அழிக்க விதி இருக்கிறது. அழித்துவிட்டதாக எழுதி வந்தாலும் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்; உங்களிடம் தாள் இல்லாததற்கு அதுவே விளக்கம்.

3. போர்டு தாளை எப்படிப் படிப்பது

தாள் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் சதவீதத்தைத் தேடுவார்கள். அதை விடுங்கள். 'காரணம்' இருக்கும் பகுதிக்குப் போங்கள்.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லது காயத்துக்கும் நேராக இரண்டு கேள்விகள் இருக்கும். இது ராணுவ சேவையால் வந்ததா? சேவையால் வரவில்லை என்றால், சேவையின் நிலைமைகளால் கூடியதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்று இருந்தாலே காரணம் ஏற்கப்பட்டதாகிவிடும். இரண்டுக்கும் 'இல்லை' என்றால் அதை ஆபீஸ் பாஷையில் 'நானா' என்பார்கள். 'நெய்தர் ஆட்ரிபியூட்டபிள் நார் அக்ரவேட்டட்' என்பதன் சுருக்கம் அது. நம்மாட்கள் கையில் இருக்கும் நிராகரிப்புக் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லில்தான் நிற்கின்றன. 80 சதவீதம் குறைபாடு இருந்தாலும் 'நானா' என்றால் டிஸபிலிட்டி எலிமெண்ட் பூஜ்யம்.

அந்த 'இல்லை'க்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 'பரம்பரை நோய்', 'உடல்வாகு சார்ந்த நோய்', 'பீஸ் ஏரியாவில் தொடங்கியது' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். சில தாள்களில் அதுவும் இருக்காது. இந்த வரியை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் மேல்முறையீடு முழுவதும் இந்த வரிக்குச் சொல்லும் பதில்தான்.

அடுத்து, போர்டு தாளின் முதல் பகுதியில் நீங்கள் வேலை பார்த்த இடங்களின் பட்டியல் இருக்கும். எந்த ஊர், எந்தத் தேதி முதல் எது வரை, பீஸா, ஃபீல்டா (எல்லை, நடவடிக்கைப் பகுதி), ஹை ஆல்டிட்யூடா (உயர்ந்த மலைப்பகுதி) என்று. இதை டிஸ்சார்ஜ் புக்கோடு ஒப்பிடுங்கள். ஃபீல்டு என்று இருக்க வேண்டியது பீஸ் என்று விழுந்திருந்தால் போர்டின் முடிவுக்கே அடிப்படை போய்விடும். அட்டாச்மெண்ட்டில் (தற்காலிகமாக வேறு யூனிட்டுக்கு) போன இடங்கள் விட்டுப்போவது சகஜம்.

அதே படிவத்தில் 'சேவைக்கு வருமுன் இந்த நோய் இருந்ததா' என்ற கேள்வியும், அதற்கு நீங்கள் சொன்ன பதிலும் இருக்கும். 'இல்லை' என்று இருந்தால் அது உங்களுக்குப் பெரிய பலம். அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

4. 'நானா'வுக்குப் பதில் எழுதுவது

வேலையில் முக்கால்வாசி இங்கேதான். நோய்க்கும் காயத்துக்கும் வழி வேறுவேறு. கலந்து எழுதினால் இரண்டும் கெடும்.

நோய் என்றால்: நீங்கள் சேரும்போது முழு மருத்துவப் பரிசோதனை செய்து, தகுதியானவர் என்று சான்று கொடுத்துத்தான் எடுத்தார்கள். அப்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லை. பிறகு சேவையில் இருக்கும்போது வந்தது. அப்படியானால் அது சேவையால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது, படைவீரருடையது அல்ல. நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் படைவீரருக்கே. சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாத நோய் என்று போர்டு நினைத்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது. வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்ட ஒரு படைவீரரின் வழக்கு அது. அதன்பின் வந்த நோய் வழக்குகள் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பைச் சுற்றியே நடக்கின்றன.

தீர்ப்பின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. உங்கள் தாளில் இருந்து மூன்று விஷயம் அதோடு சேர வேண்டும். சேர்ந்த தேதியும் அப்போது இருந்த மருத்துவ நிலையும். நோய் தொடங்கிய தேதியும் இடமும். போர்டு எழுதிய ஒற்றை வரி, அல்லது காரணமே எழுதவில்லை என்ற உண்மை. இவை இல்லாத மனுவில் தீர்ப்பு தனியாக நிற்கும், வழக்கோடு ஒட்டாது.

'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது' என்பதற்குப் பதில் எழுதும்போது அதற்கு முந்தைய போஸ்டிங்குகளைக் காட்டுங்கள். ரத்த அழுத்தமோ மனநோயோ கண்டுபிடிக்கப்பட்ட அன்றே தொடங்குவதில்லை. மூன்று வருடம் ஃபீல்டில் இருந்துவிட்டு பீஸுக்கு வந்த நாலாவது மாதம் கண்டுபிடித்தார்கள் என்றால் தேதிகளோடு அதை எழுதுங்கள். இதயநோய் என்றால், மாரடைப்புக்கு முந்தைய பதினான்கு நாட்கள் என்ன வேலை செய்தீர்கள் என்ற குறிப்பு கோப்பில் இருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள். இரவுக் காவல் டியூட்டி, நீண்ட தூர கான்வாய் (ராணுவ வண்டி வரிசை), பயிற்சி என்று எதாவது இருந்தால் அதுவே உங்கள் ஆதாரம்.

காயம் என்றால்: இங்கே மேலே சொன்ன அனுமானம் அவ்வளவாக உதவாது. அடிபட்ட நேரத்தில் டியூட்டியில் இருந்தீர்களா, காயத்துக்கும் சேவைக்கும் தொடர்பு உண்டா என்பதுதான் கேள்வி. பி.டி. (உடற்பயிற்சி), பயிற்சி, யூனிட் நடத்திய விளையாட்டு எல்லாம் டியூட்டியில் சேரும். லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பும் பயணமும் சேரும். ரயில் டிக்கெட்டோ வாரண்ட்டோ இருந்தால் இணையுங்கள்.

லீவில் ஊரில் இருக்கும்போது சொந்த வேலையாக பைக்கில் போய் அடிபட்ட வழக்குகள் நிறைய வருகின்றன. கேஷுவல் லீவு டியூட்டியாகக் கணக்கிடப்படும் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் போதாது, காயத்துக்கும் ராணுவ சேவைக்கும் ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லிவிட்டது. இப்படி வருகிறவர்களிடம் நான் வாய்ப்பு குறைவு என்று நேராகச் சொல்லிவிடுவேன். பொய் நம்பிக்கையில் வக்கீல் செலவு செய்வதைவிட அது நல்லது.

இஞ்சுரி ரிப்போர்ட்டில் கமாண்டிங் ஆபீசர் 'சேவையால் வந்தது' என்று எழுதி, மெடிக்கல் போர்டு 'இல்லை' என்று எழுதியிருந்தால் அந்த முரண்பாட்டை மனுவின் முதல் பத்தியிலேயே போடுங்கள். சம்பவம் நடந்த சூழ்நிலை நேரடியாகத் தெரிந்தவர் கமாண்டிங் ஆபீசர்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் வாங்கிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் இருக்கும் சதவீதம் இந்தப் பென்ஷனுக்குச் செல்லாது. அதில் 60 சதவீதம் என்று இருந்தாலும் ராணுவ மெடிக்கல் போர்டு போட்டதுதான் கணக்கு. அட்டை மற்ற அரசு உதவிகளுக்குப் பயன்படும். மேல்முறையீட்டில் அதை முதல் ஆதாரமாக வைக்காதீர்கள்.

5. சதவீதமும் பணமும்

காரணம் ஏற்கப்பட்டால்தான் இந்தப் பகுதிக்கு வேலை.

100 சதவீதக் குறைபாட்டுக்கு டிஸபிலிட்டி எலிமெண்ட் என்பது கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் எம்.எஸ்.பி.யும் (ராணுவ சேவை ஊதியம்) சேர்ந்தது, எக்ஸ் குரூப் பே (தொழில்நுட்பப் பிரிவினருக்கான கூடுதல் ஊதியம்) வாங்கியிருந்தால் அதுவும். குறைபாடு குறையக் குறைய அதே விகிதத்தில் தொகையும் குறையும். கடைசிச் சம்பளம் 46,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்துக்கு 13,800. போர்டு 30 சதவீதம் போட்டிருந்தால் 4,140. இதன்மேல் அகவிலை நிவாரணம் தனி.

இங்கேதான் ரவுண்டிங் ஆஃப் வருகிறது. பிராட் பேண்டிங் என்றும் சொல்வார்கள். 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், 76 முதல் 100 வரை இருந்தால் 100 ஆகவும் எடுத்துக்கொள்வது. அந்த 30 சதவீதம் 50 ஆனால் 4,140 என்பது 6,900 ஆகும். இந்தச் சலுகை ஐந்தாவது சம்பளக் கமிஷனை ஒட்டி 31.01.2001 தேதியிட்ட உத்தரவில் வந்தது. முதலில் இன்வாலிட் அவுட் ஆனவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். சேவையை முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்பதை ராம் அவதார் வழக்கில் 10.12.2014 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆகவே டிஸபிலிட்டி எலிமெண்ட் ஏற்கெனவே வாங்குகிறவரும் தன் பிபிஓவை எடுத்து ஒருமுறை பார்க்க வேண்டும். 20, 30, 40 என்ற சதவீதம் அப்படியே நின்றால் ரவுண்டிங் ஆகவில்லை என்று அர்த்தம். அவர் 'நானா' பற்றி வாதாட வேண்டியதே இல்லை. ரவுண்டிங் மட்டும் கேட்டு மனு போட்டால் போதும்.

இரண்டு மூன்று நோய் இருந்தால் சதவீதங்களை நேராகக் கூட்டக் கூடாது. 30-ம் 20-ம் சேர்ந்து 50 ஆகாது; போர்டு கூட்டு மதிப்பு என்று தனியாக ஒரு எண் போடும். அதில் எந்த நோய்க்குக் காரணம் ஏற்கப்பட்டதோ அதன் பங்கை மட்டுமே பென்ஷனுக்கு எடுப்பார்கள்.

20-க்குக் குறைவாகப் போட்டிருந்தால்? சேவை முடித்து வந்தவருக்குக் கஷ்டம்தான். இன்வாலிட் அவுட் ஆனவருக்கு நிலைமை வேறு. சேவைக்கே லாயக்கில்லை என்று வெளியே அனுப்பிவிட்டு, குறைபாடு 20-க்குக் கீழே என்று சொல்ல முடியாது என்பது 2014-இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை.

6. முதல் மேல்முறையீடு

நிராகரித்த கடிதம் கைக்குக் கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். யாருக்கு முகவரியிட வேண்டும் என்பது அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகத்தான் போகும். கடிதம் வந்த உறையையும் வைத்திருங்கள். தபால் முத்திரைத் தேதிதான் நாள்கணக்குக்கு ஆதாரம்.

மனு ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. வரிசை இப்படி: சேர்ந்த தேதி, அப்போதைய மருத்துவ நிலை, போஸ்டிங்குகள், நோய் அல்லது காயம் தொடங்கிய தேதியும் இடமும், போர்டு சொன்ன காரணம், அதற்கு உங்கள் பதில், கேட்பது என்ன. குடும்பக் கஷ்டத்தை எழுத வேண்டாம் என்று சொன்னால் பலருக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கஷ்டம் உண்மைதான், எனக்குத் தெரியும். ஆனால் மேல்முறையீட்டை முடிவு செய்யும் கமிட்டி பார்ப்பது காரணத்தையும் தாளையும் மட்டும். இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் கஷ்டத்துக்குப் போனால் வழக்குக்கு அரைப் பக்கம்தான் மிஞ்சும்.

கேட்பதைத் தெளிவாக எழுதுங்கள்: காரணத்தை ஏற்க வேண்டும், டிஸபிலிட்டி எலிமெண்ட் தர வேண்டும், ரவுண்டிங் செய்ய வேண்டும், டிஸ்சார்ஜ் ஆன மறுநாளிலிருந்து நிலுவை தர வேண்டும். எதைக் கேட்காமல் விடுகிறீர்களோ அதற்காக அப்புறம் தனியாக அலைய வேண்டிவரும்.

ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு பின் பண்ணி வையுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாகவும் அனுப்பலாம். அவர்கள் முகப்புக் கடிதம் வைத்து அனுப்புவார்கள், கட்டணம் கிடையாது. ஆறு மாதம் ஏற்கெனவே கடந்துவிட்டதா? தாமதத்துக்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதி, அப்போதும் அனுப்புங்கள்.

7. இரண்டாவது மேல்முறையீடு

முதலாவது நிராகரிக்கப்பட்டால் அடுத்த ஆறு மாதத்துக்குள் செகண்ட் அப்பெல்லேட் கமிட்டிக்கு. முதல் மனுவையே தேதி மாற்றி அனுப்பாதீர்கள். முதல் கமிட்டி நிராகரித்த கடிதத்தில் புதிதாக ஒரு காரணம் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் மருத்துவ விளக்கமாக. அதற்குப் பதில் எழுதுங்கள். அதோடு, அந்த விளக்கம் போர்டு தாளில் இல்லையென்றால், போர்டு எழுதாத காரணத்தைக் கமிட்டி பிறகு சேர்க்கிறது என்பதையும் குறிப்பிடுங்கள்.

8. தீர்ப்பாயம்

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னை அமர்வு. கடைசி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மேல்முறையீடு செய்து ஆறு மாதம் ஆகியும் பதிலே இல்லையென்றால் அதற்குமேல் காத்திருக்க வேண்டாம். அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து அடுத்த ஆறு மாதத்துக்குள் போடலாம். ரசீதைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பல வருடம் தாமதமாகியிருந்தாலும் கதவு மூடிவிடாது. மாதாமாதம் வர வேண்டிய பென்ஷன் வராமல் இருப்பது தொடர்ந்து நடக்கும் தவறு என்பதால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. 2008-இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலுவையை வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடங்களோடு நிறுத்தியது. தாமதமாக வருகிறவர்களுக்கு இந்தத் தீர்ப்பைத்தான் அரசுத் தரப்பு முன்வைக்கும். இருபது வருடம் கழித்து வந்தவருக்குப் பதினேழு வருடப் பணம் போய்விடக்கூடும். தெரிந்தவர்களிடம் நான் 'இந்த மாதமே போடுங்கள்' என்று நச்சரிப்பது இதனால்தான்.

வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். வைத்தால் இந்தத் தீர்ப்பாயத்தில் பழக்கம் உள்ளவராகப் பாருங்கள். 'நிலுவையில் இத்தனை சதவீதம் எனக்கு' என்று பேசுகிறவரிடம் போகாதீர்கள். வழக்கின் முடிவைப் பொறுத்தோ, கிடைக்கும் பணத்தில் பங்காகவோ வக்கீல் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வசதி இல்லாதவர்களும் மாற்றுத்திறனாளிகளும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்கலாம். அந்த மாற்றுத்திறனாளி அட்டை இங்கே உதவும்.

சாதகமாகத் தீர்ப்பு வந்தாலும் அரசுத் தரப்பு மேலே போகலாம். அதனால் தீர்ப்பு நகல் கிடைத்த அன்றே கடன் வாங்கி வீடு கட்ட ஆரம்பிக்காதீர்கள்.

9. உத்தரவு வந்த பிறகு

தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் எழுதுங்கள். தானாகவே நடக்கும் என்று இருந்தவர்கள் ஒரு வருடம் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். தரைப்படைக்குப் பிரயாக்ராஜில் இருக்கும் பி.சி.டி.ஏ. பென்ஷன் அலுவலகம் திருத்திய பிபிஓ வெளியிடும். பணம் ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத்துறைப் பென்ஷன் இணையதளம் வழியாக வரும்.

ஸ்பர்ஷில் லாகின் செய்து புது பிபிஓவை இறக்கி நான்கு விஷயம் பாருங்கள்: சதவீதம் ரவுண்டிங் ஆகியிருக்கிறதா, தொடக்கத் தேதி தீர்ப்பில் சொன்னதா, காலம் வாழ்நாள் முழுவதும் என்று இருக்கிறதா, கணக்கிட்ட சம்பளம் சரியா. பிழை இருந்தால் அங்கேயே புகார் பதியலாம். கணினி பழக்கம் இல்லாதவர் பொது சேவை மையத்துக்கோ டி.பி.டி.ஓ. என்ற பாதுகாப்புத்துறைப் பென்ஷன் பட்டுவாடா அலுவலகத்துக்கோ போகலாம். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். நிலுவை வரப்போகிற கணக்கு என்று தெரிந்தே போன் பண்ணி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

100 சதவீதக் குறைபாடு இருந்து, எப்போதும் ஒருவர் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை என்று போர்டு பரிந்துரைத்திருந்தால் கான்ஸ்டண்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் தனியாக உண்டு. அது தானாக வராது, கேட்க வேண்டும்.

நோய் இப்போது கூடியிருந்தால் குறைபாட்டை மறுபடி மதிப்பிடும் ரீசர்வே மெடிக்கல் போர்டு கேட்கலாம். அதற்குத்தான் ஓய்வுக்குப் பிந்தைய இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்), தனியார் மருத்துவமனைத் தாள்கள் பயன்படும். ஆனால் யோசித்துச் செய்யுங்கள். வாழ்நாள் முழுவதும் என்று போட்ட சதவீதத்தை நீங்களே திறந்து கொடுக்கிறீர்கள். ரவுண்டிங்கில் 30-ம் 40-ம் ஒரே 50-தான் என்பதால், 50-ஐத் தொடும் அளவுக்கு நோய் கூடியிருந்தால் மட்டுமே பயன்.

வழக்கு நடக்கும்போதே படைவீரர் இறந்துவிட்டால் மனைவி அதைத் தொடரலாம். இறந்த தேதி வரையுள்ள நிலுவையைக் கேட்கலாம். கணவர் போனதும் கோப்பைக் கட்டி வைத்துவிட்ட அம்மாக்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். கோப்பைக் கட்டாதீர்கள், அம்மா. குடும்பப் பென்ஷன் பிபிஓ, இறப்புச் சான்று, பழைய போர்டு தாள் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போங்கள்.

10. இன்னும் யூனிஃபார்மில் இருக்கும் தம்பிகளுக்கு

மேலே சொன்ன பாதி வேலையைச் சேவையில் இருக்கும்போதே முடித்துவிடலாம். அடிபட்டால் அந்த வாரமே இஞ்சுரி ரிப்போர்ட் போடச் சொல்லுங்கள். 'சின்ன அடிதானே' என்று விட்ட முழங்கால் பத்து வருடம் கழித்து நடக்க விடாது. அப்போது அது யூனிட் வாலிபால் மேட்சில் பட்டது என்று சொல்ல எந்தத் தாளும் இருக்காது. எம்.ஐ. ரூமில் (யூனிட்டின் மருத்துவ அறையில்) காட்டும் ஒவ்வொரு தடவையும் எழுத்தில் இருக்கட்டும். அட்மிட் ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ரிலீஸ் மெடிக்கல் போர்டில் படிவத்தின் முதல் பகுதியை அவசரத்தில் நிரப்பாதீர்கள். ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று, கிளியரன்ஸ் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் கிளார்க் எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். நானும் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன்தான். ஒரு நாளைக்குப் பல படிவம் நிரப்பும்போது ஹை ஆல்டிட்யூட் போஸ்டிங் ஒன்று விட்டுப்போவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். போஸ்டிங் பட்டியலை டிஸ்சார்ஜ் புக்கை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். 'சேவைக்கு முன் இந்த நோய் இருந்ததா' என்ற கேள்விக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். டிஸ்சார்ஜ் சென்டரை விட்டுக் கிளம்பும் முன் எல்லாப் பக்கங்களின் நகலையும் கேளுங்கள். தரவில்லை என்றால் கேட்ட தேதியைக் குறித்துக்கொண்டு, ஊர் போய்ச் சேர்ந்த வாரமே ரெக்கார்ட் ஆபீசுக்குக் கடிதம் போடுங்கள்.